வாட்டர் பம்ப் ஏன் ஒழுகியது? தோட்டத்துக் கார்களின் தண்ணீர் வரலாறு



பழைய புரோட்டோன் சாகா வைத்திருந்தவர்கள் அந்த ஈரத்தை நன்கு அறிவர். காலையில் வண்டியைப் பின்னால் எடுத்தால், முன்பக்கம் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை கையகலத்துக்கு நனைந்திருக்கும். முதல் நாள் மழைநீர் என்று எண்ணுவோம். இரண்டாம் நாள் ஐயம் எழும். மூன்றாம் நாள் ராடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் பாதிக்குமேல் இறங்கியிருக்கும். கம்போங் குவாந்தான், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) ஆகிய பகுதிகளில் பழைய கார் ஓட்டிய குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். வாட்டர் பம்ப் மாற்றிய கதை ஒன்றாவது வெளிவரும்.

அதைப் பலரும் காரைச் செய்தவர்களின் குறை என்றே முடித்துவிடுவர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஒழுகலுக்குப் பின்னே நூறாண்டுக்கும் மேலான வரலாறு ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் சரியாக இருந்த பழக்கமொன்று, இயந்திரம் மாறிய பிறகும் மாறாமல் நம் கையிலேயே தங்கிவிட்ட வரலாறு அது. நம் வட்டாரத்துத் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு.

கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற முச்சக்கர வண்டியில் இன்று நாம் அறிந்த ராடியேட்டர் கிடையாது. என்ஜினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகும். அவ்வாறு ஆவியாவதே வெப்பத்தை வெளியேற்றும் வழி. ஆகவே ஓட்டுநர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1888ஆம் ஆண்டு அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். வழி நெடுகத் தண்ணீர் கேட்டு நிரப்பினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் தைத்து வாங்கிப் பொருத்தினார். காரை ஓட்டியவரே பழுதும் பார்க்கும் வழக்கம் அப்பெண்மணியிடமிருந்தே தொடங்குகிறது என்பேன். பெண் பிள்ளைகளுக்குப் பொறியியல் வராது என்று சொல்லும் பெற்றோர் யாரேனும் இருப்பின், இந்தப் பயணத்தைப் பற்றி வீட்டில் பேசலாம்.

பிறகு வில்ஹெல்ம் மேபாக் 1900ஆம் ஆண்டு வாக்கில் தேன்கூட்டு ராடியேட்டரைச் செய்தார். அதில் 8,070 சிறு குழாய்கள். அவற்றினூடே காற்று புகுந்து செல்ல, கொஞ்சம் தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றி என்ஜினைக் குளிர்வித்தது. தண்ணீர் கொதித்து வீணாக வேண்டிய தேவை பெருமளவு நீங்கியது.

அந்தத் தண்ணீரைச் சுற்றவைப்பது எப்படி? 1908ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வெளிவந்தபோது, முதல் 2,500 வண்டிகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் வாட்டர் பம்ப் இருந்தது. அதன்பின் ஃபோர்டு பம்ப்பையே எடுத்துவிட்டார்! சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயல்பே போதும் என்று விட்டார். நாம் வகுப்பில் வெப்பச் சலனம் என்று நடத்தும் பாடந்தான் இது. சுழலும் உறுப்பு இல்லையென்றால் தேய்வதற்கு ஏதுமில்லை. தேய்வு இல்லையென்றால் அந்த இடத்தில் ஒழுகலும் இல்லை. அத்தகைய வண்டிக்குக் கிணற்றுத் தண்ணீரானாலும் வாய்க்கால் தண்ணீரானாலும் ஊற்றி ஓட்டலாம். என்ஜினும் கனத்த வார்ப்பிரும்பு. துரு பிடித்தாலும் பல ஆண்டு தாங்கும்.

மாடல் டி 1927ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடி வண்டிகளாகப் பெருகியது. ஒவ்வொன்றுக்கும் நான்கு டயர்கள், ஒவ்வொரு டயருக்கும் ரப்பர். மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களானதும், 1907ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியர் குடிநுழைவு நிதியின் துணையோடு தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரமாய்த் தொழிலாளர்கள் கங்காணிகளின் பின்னே கப்பலேறியதும், 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை விண்ணைத் தொட்டதும் ஒரே கதையின் பகுதிகள். சிலாங்கூர் ஆற்றின் இரு கரையிலும் நம் பாட்டன்மார் மரம் சீவியது அமெரிக்கச் சாலைகளில் ஓடிய கார்களுக்காக. 1917ஆம் ஆண்டு இதே மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். (அத்தோட்டத்தின் பெயரைச் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள், எம்மொழி என்று விளங்கும்.) காருக்காக வந்த அம்மக்கள் காரில் ஏறுவதற்கு ஏறக்குறைய மூன்று தலைமுறை ஆயிற்று.

ஏறுவதற்கு முன் ஓட்டினர். துரையின் காரையும் தோட்டத்து லாரியையும் ஓட்டியவர்களில் நம்மவர் பலர். இருக்கைக்குப் பின்னால் ஒரு தகர டின் தண்ணீர் எப்போதும் இருக்கும். புகை வந்தால் நிறுத்தி, ஆறவிட்டு, ஊற்றி, மறுபடி கிளப்புவர். இது அறியாமை அன்று. அக்கால இயந்திரத்துக்கு அதுவே சரியான முறை. போருக்குப் பிறகும் இது நீடித்தது. 1948ஆம் ஆண்டு வெளிவந்த மோரிஸ் மைனரின் தொடக்க வண்டிகளிலும் வாட்டர் பம்ப் கிடையாது. அதே வெப்பச் சலனந்தான். 1952க்குப் பின் வந்த புதிய என்ஜினில்தான் பம்ப் நிலையான உறுப்பாயிற்று. ஃபோக்ஸ்வாகன் ஆமைக் காருக்கோ தண்ணீரே தேவையில்லை, காற்றே போதும்.

கரிமவேதியியல் அறிந்தவர்கள் இதற்குள் வேறொரு பாதையில் சென்றிருந்தனர். எத்திலீன் கிளைக்கால் கலந்த பிரெஸ்டோன் என்ற திரவம் 1927ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. குளிர் நாட்டில் ராடியேட்டர் நீர் உறைந்து என்ஜினைப் பிளந்துவிடாமல் காப்பது அதன் முதல் வேலை. ஆதலால் அதற்கு ‘உறையாமல் தடுப்பது’ என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்தனர். இந்தப் பெயர்தான் நம் நாட்டில் பெருந்தீங்கு செய்தது என்பது என் கருத்து. கோல சிலாங்கூரில் எந்தக் காலத்தில் தண்ணீர் உறைந்தது? நமக்கு எதற்கு அந்தச் செலவு என்று கேட்டால் மறுமொழி சொல்ல முடியாது அல்லவா! ஆயினும் பின்னாளில் அத்திரவத்தில் துருத்தடுப்பு இரசாயனங்களும் சேர்க்கப்பட்டன. உறைதலைத் தடுப்பதைக் காட்டிலும் வெப்ப நாட்டுக்கு அதுவே முக்கியமான பணி. அந்தச் செய்தி பெயரில் இல்லாததால் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை.

1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் ஷா ஆலாமில் தயாரான புரோட்டோன் சாகா அறிமுகமானது. மிட்சுபிஷி நிறுவனத்தின் லான்சர் ஃபியோரே வண்டியை அடிப்படையாகக் கொண்டது. என்ஜினும் மிட்சுபிஷியின் 4ஜி13, பின்னர் 4ஜி15. 1992ஆம் ஆண்டு ஈஸ்வாரா என்று உருமாறி, அந்தப் பழைய வடிவம் 2008ஆம் ஆண்டு வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. தோட்டக் குடும்பம் ஒன்று, புதிதாகவோ இரண்டாம் கையாகவோ, முதன்முதலாகச் சொந்தம் என்று சொல்லிக்கொண்ட கார் பெரும்பாலும் இதுவே. பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் என்றால் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குப் போக யாரிடமும் லாரி கேட்டு நிற்க வேண்டாம். தோட்டத்தை விட்டு வெளியே தொழிற்சாலை வேலைக்குப் போகலாம். ஒரு காரின் மதிப்பு அக்குடும்பத்தில் எவ்வளவு என்பதை இங்குள்ள பெற்றோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அக்குடும்பம் அதற்கு முன் வைத்திருந்தது ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள். அது காற்றால் குளிரும் என்ஜின். அதற்கு ராடியேட்டர் இல்லை, பம்ப் இல்லை. ஆகவே தண்ணீர் பற்றிய அறிவு வீட்டில் எவரிடமிருந்து வந்தது? பழைய லாரி ஓட்டிய பாட்டனிடமிருந்தோ மாமனிடமிருந்தோ வந்தது. தகர டின் அறிவு. ஆனால் சாகாவின் என்ஜின் அந்தப் பழைய என்ஜின் அன்று. கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே தலைப்பகுதி அலுமினியம், ராடியேட்டரோ செம்பும் பித்தளையும். மூன்று வகை உலோகம் ஒரே நீரில் நனைந்திருந்தால் மின்கலம் போலவே வேலை செய்யும், ஒன்று மற்றொன்றை அரிக்கும். எலுமிச்சம் பழத்தில் ஆணியையும் செப்புக் கம்பியையும் செருகி விளக்கெரிய வைக்கும் சோதனையை நம் மாணவர்கள் செய்திருக்கிறார்கள். காருக்குள் நடப்பதும் அதுதான்.

இனி, நம் வட்டாரத்துத் தண்ணீர். கம்போங் குவாந்தானைச் சுற்றுலாப் பயணிகள் மின்மினிக்காக அறிவர். மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரங்கள் கடல் ஏற்றம் உள்ளே ஏறி வரும் ஆற்றோரத்தில், இலேசான உப்பு கலந்த நீரில் வளர்பவை. மின்மினிக்கு உகந்த அந்த நீர் அலுமினியத்துக்குப் பகை. உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தின் மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் காப்புப் படலத்தைத் துளைத்துவிடும். பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் வேறு தொல்லை. அங்கே வட சிலாங்கூரின் கரிச்சதுப்புக் காடுகள். அவற்றிலிருந்து வடியும் வாய்க்கால் நீர் கட்டைத் தேநீர் நிறத்தில் இருக்கும். கடுமையான அமிலத்தன்மை உடையது, பிஎச் மதிப்பு நான்குக்கும் கீழே இறங்குவதுண்டு. செம்பனைக் காட்டு நடுவில் வண்டி சூடேறி நின்றால் கைக்கு எட்டுவது அந்த வாய்க்கால்தான். கூரைத் தகரத்திலிருந்து வழியும் மழைநீரைத் தாழியில் பிடித்து ஊற்றியவர்கள் ஓரளவு தப்பித்தனர். மழைநீரில் உப்பு குறைவு. எனினும் துருத்தடுப்பு இல்லாத எந்த நீரும், நீரில் கரைந்த ஆக்சிஜனால், இரும்பைத் துருப்பிடிக்கவே செய்யும்.

அந்தத் துரு எங்கே போகும்? பம்ப்புக்குத்தான் வரும். வாட்டர் பம்ப் எளிய கருவி. வெளியே பட்டை சுற்றும் ஒரு சக்கரம், உள்ளே இதழ்கள் கொண்ட சுழலி, இரண்டையும் இணைக்கும் தண்டு, தண்டைத் தாங்கும் பேரிங். பேரிங்குக்குத் தண்ணீர் போகாமல் தடுக்க நடுவே ஒரு சீல். கரி வளையம் ஒன்று பீங்கான் போன்ற கடினமான வளையத்தின் மேல் உரசிச் சுழலும். இடையே மெல்லிய நீர்ப்படலமே மசகு. கூலண்ட் கலந்த நீரென்றால் அப்படலம் வழவழப்பாக இருக்கும். துருமணல் கலந்த நீரென்றால் உப்புத்தாளால் தேய்த்தது போல் கீறிவிடும். கீறல் விழுந்ததும் நீர் கசியும். கசிந்த நீர் பேரிங்குக்குள் போகாதிருக்கவே பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை வைத்திருக்கின்றனர். தரையில் நாம் காணும் ஈரம் அத்துளை வழியாக வருவது. பம்ப் நமக்கு அனுப்பும் கடிதம் என்று கொள்ளலாம்.

இதைப் புரிந்துகொள்ளாமல் அத்துளையைப் பசையால் அடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ராடியேட்டரில் மிளகுத்தூளும் முட்டையின் வெள்ளைக் கருவும் போடும் கைவைத்தியமும் உலகெங்கும் உண்டு. அவை குழாயில் விழுந்த ஊசித்துளையைச் சற்று நேரம் அடைக்கலாம். சுழலும் சீலை ஒன்றும் செய்யாது, மாறாக ராடியேட்டரையே அடைத்துவிடும். துளையை அடைத்தால் நீர் பேரிங்கின் கொழுப்பைக் கழுவும், பேரிங் ஆடும், சக்கரம் கோணலாகிப் பட்டை கழன்றுவிடும். பிறகு நடுச்சாலையில் கொதிப்பு, அலுமினியத் தலை வளைவு, கேஸ்கெட் வெடிப்பு. ஒரு பம்ப்பின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஒரு என்ஜினின் விலைக்குப் போய்விடும்.

என் மாமா ஒருவர் தோட்டத்து லாரி ஓட்டியவர். எங்கள் வீட்டுச் சாகாவுக்கு அவர் பம்ப் மாற்றியபோது விளக்குப் பிடித்தவன் நான். கழற்றிய பழைய பம்ப்பை என் கையில் கொடுத்தார். சுழலியின் தகட்டு இதழ்களில் பாதி கரைந்து, எஞ்சியவை காய்ந்த வெற்றிலை போல் ஓரம் உதிர்ந்திருந்தன. “பம்ப்பு மேல குத்தம் இல்ல தம்பி. இது குடிச்ச தண்ணி அப்படி,” என்றார். அவர் பள்ளியில் படித்தது மூன்றாண்டு. வேதியியல் பாடப் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொன்னார்.

அவர் வேலை செய்த ஒழுங்கை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன். என்ஜின் முழுதும் ஆறிய பிறகே தொட்டார். சூடான ராடியேட்டர் மூடியை ஒருநாளும் திறக்கக்கூடாது. மூடியின் அழுத்தத்தால் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், திறந்த கணமே ஆவியாகி முகத்தில் பாயும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினார். பேசின் ஒன்றை அடியில் வைத்து நீரை வடித்தார். பம்ப் சக்கரத்தின் நான்கு ஆணிகளையும் பட்டை இறுக்கமாக இருக்கும்போதே சற்று இளக்கிக்கொண்டார். பட்டையை முதலில் கழற்றிவிட்டால் சக்கரம் கையோடு சுற்றும், ஆணி இளகாது. ஆல்டர்னேட்டரைத் தளர்த்திப் பட்டையை எடுத்தது அதற்குப் பிறகே.

சாகாவில் பம்ப்பை எட்ட டைமிங் பெல்டையும் கழற்ற வேண்டும். வீட்டில் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். மாமா முதல் சிலிண்டரை மேல் உச்சிக்குக் கொண்டுவந்து, பற்சக்கரங்களில் உள்ள குறிகள் இரண்டும் எதிர்க்குறிகளோடு நேராக நிற்கின்றனவா என்று பார்த்தார். பெல்ட் சுழலும் திசையைச் சாக்கட்டியால் அம்பு போட்டுக்கொண்டார். பம்ப்பின் ஆணிகள் ஒரே நீளம் இல்லை. ஆகவே பால்மாவு அட்டையில் பம்ப்பின் உருவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வோர் ஆணியையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார். நீளமான ஆணியைக் குட்டையான துளையில் முறுக்கினால் அலுமினியம் பிளந்துவிடும். இந்த அட்டை முறையை நான் பின்னாளில் வாழ்வியல் திறன் பாடத்தில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எதைக் கழற்றினாலும் பயன்படும்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. கத்தி முனையால் குத்தாமல், தட்டையாகப் பிடித்துப் பொறுமையாக எடுத்தார். நீர்க்குழாய் நுழையும் இடத்து ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு, எண்ணெய் தடவாமல் தண்ணீரில் நனைத்தே செருகினார். எல்லாம் பூட்டிய பின், சாவியைத் தொடுமுன், கையால் என்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளை மறுபடி சரிபார்த்தார். கழற்றிய டைமிங் பெல்டையே திரும்பப் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவ்வளவு தூரம் திறந்துவிட்டு முப்பது வெள்ளிக்கோ ஐம்பது வெள்ளிக்கோ கணக்குப் பார்ப்பது சிக்கனம் ஆகாது.

இவ்விடத்தில் ஒரு சொல் ஆராய்ச்சி. மலாயில் கார் பழுதுபார்ப்பவரைப் பொமேன் என்பர். ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரைக் குறிக்கும் ஃபோர்மேன் என்ற சொல்லே அப்படித் திரிந்தது. நம்மவரும் பொமேன் என்றே சொல்வர். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடத்தப்பட வேண்டும் என்ற கொள்கை 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்து, 2009ஆம் ஆண்டு கைவிட முடிவெடுக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் பயின்ற பிள்ளைகள் சிலரிடம் வெப்பச் சலனம் என்றால் விழிப்பார்கள். ஆங்கிலச் சொல்லைச் சொன்னாலும் விழிப்பார்கள். ராடியேட்டரைக் காட்டினால் விளங்கிவிடுகிறது. சொல் எம்மொழியில் இருந்தாலும் பொருள் கண்முன் இருக்க வேண்டும் போலும்.

கூலண்ட் பற்றிப் பெற்றோருக்கு இரு செய்திகள். முதலாவது, எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கொடிய நஞ்சு, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பேசினில் வடித்து வைத்ததைக் குழந்தையோ நாயோ நக்கிவிடக்கூடும். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. இரண்டாவது, வடித்த கூலண்டைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. இங்கே சாக்கடை வாய்க்காலுக்கும், வாய்க்கால் சிலாங்கூர் ஆற்றுக்கும் போகிறது. மின்மினிப் புழுக்கள் அந்த ஆற்றங்கரைச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்பவை. மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள்.

நிரப்பும்போது பாதி கூலண்ட், பாதி வடித்த நீர். கடையில் ஏற்கெனவே கலந்து விற்பதானால் மேலும் நீர் சேர்க்க வேண்டாம். பச்சை, சிவப்பு என்ற நிறத்தைக் கொண்டு வகையைத் தீர்மானிக்காதீர்கள், நிறம் வெறும் சாயம். போத்தலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இருபது ஆண்டு வாய்க்கால் தண்ணீர் குடித்த என்ஜினென்றால் பழைய துரு முழுதும் வெளியேறும் வரை, தெளிந்த நீர் வரும்வரை கழுவிவிட்டே புதியதை ஊற்ற வேண்டும். இல்லையேல் அதே துருமணல் புதுச் சீலையும் கீறும். மூடியைத் திறந்து வைத்து ஆறிய என்ஜினைக் கிளப்பி, காற்றுக் குமிழிகள் வெளியேறி, மேற்குழாய் சூடாகி, நீர்மட்டம் இறங்கும்போது மெதுவாக நிரப்பி மூடுங்கள். அன்றிரவு வண்டிக்கு அடியில் ஒரு பழைய நாளிதழை விரித்து வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது.